சங்கிலியின் வெளிப்பக்கம்

சித்தி, குளிர் கூடிவிட்டதென்று இன்று காலை அலுமாரியிலிருந்து என் தடித்த கோட்டை எடுத்தேன். வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை துருக்கறை. அது பழைய விஷயம். இடது கையில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு கோட்டுகளை வெட்டி ஒன்றாகத் தைத்ததுபோல இருக்கிறது. தனியாக நின்று சிரித்தேன்.

சித்தப்பா திங்கட்கிழமை லொறியில் மேற்குக் கரைக்கு வெளிக்கிட்டார். நீங்கள் எங்களை விட்டுப் போனபின் இதுதான் முதல் தடவை. கோடை முழுவதும் ரொறன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும்தான் ஓடினார். "இந்த ஒருக்கா மலையைத் தாண்டிப் பாக்கிறன். ஏலாட்டி லொறியை வித்துப்போட்டுத் துறைமுகத்தில வேலை தேடுறன்" என்று எங்கள் சமையலறையில் நின்று சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினா. நான் பேசாதது யாருக்கும் புதினமில்லை. ஆனால் உங்கள் நீல லொறியில் வேறு யாரோ ஏறிப் போவதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாரியில் வீட்டில் இருந்தவர் அவர், லொறியை ஓட்டிப் போனது நீங்கள். சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றி, பனி மூடிய மலைப்பாதையில் ஒருநாளும் வழுக்காத மனிதர், மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் தன் வீட்டு வாசலில், அந்த வளைந்த இரும்புப் படியில், குப்பைப் பையோடு வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவருடைய பிளாஸ்டர் காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டே, "படிக்குச் சங்கிலி போட்டிருக்கோணும்" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேற்கு லோட்டை ஏலாதெண்டு சொல்லு" என்றார்.

"ஏனாம்?"

"மலையில சங்கிலி ஆர் போடுறது?"

"இவ்வளவு நாளும் ஆர் போட்டது?"

"நாங்கள் போட்டது."

"அந்த நாங்களில நானும் இருந்தனான்."

"சரி, போ. ஆனா வேற டிரைவர்மாரைக் கூப்பிட்டுப் போடுவிச்சாய் எண்டு கேள்விப்பட்டனெண்டால், அதோட உனக்கு ரொறன்ரோ மட்டும்தான்."

ரொறன்ரோ என்றால் உங்களுக்குத் தண்டனை. "அந்த றோட்டில ஒவ்வொரு எக்ஸிட்டிலயும் ஒரு சொந்தக்காரர் இருக்கினம். ஒவ்வொருத்தரும் ஏன் இன்னும் பிள்ளை இல்லை எண்டு கேப்பினம். மலை ஒண்டும் கேக்காது" என்று சொல்லுவீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவீர்கள்.

அம்மாவுக்கு லொறிக்கு எதற்குச் சங்கிலி என்பதே விளங்கவில்லை. மொன்றியலில் எவ்வளவு பனி கொட்டினாலும் உப்பும் கல்லும் போட்டு வீதியைத் துடைத்துவிடுகிறார்கள், சில்லில் சங்கிலி சுற்றிய லொறியை இங்கே யார் கண்டது? "அவ்வளவு பெரிய வாகனத்தை ஆர் களவெடுக்கப் போறான்?" என்று கேட்டா. நீங்கள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். பிறகு அம்மா என்னைக் காட்டினா.

"இவளையும் கூட்டிக்கொண்டு போ. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலயிருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

"நல்லதாய்ப் போச்சு. கதைக்க ஒரு ஆள் வேணும்."

"அவள் எங்கை கதைக்கிறாள்?"

"நான் கதைக்கிறன்தானே அக்கா."

பள்ளிக்கூடத்தை நான் ஏன் விட்டேன் என்று நீங்கள் மட்டும்தான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் பிரெஞ்சு பிழைக்கும், எழுந்து நின்றால் வகுப்பே அண்ணாந்து பார்க்கும். இவ்வளவு உயரம் எனக்குத் தேவையில்லை என்று முதுகை வளைத்து வளைத்து நடந்தேன். லொறியில் ஏறியதும் அது ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் ஒண்டாரியோக் காடு முழுவதும் கதைத்தீர்கள், அதற்குப் பிறகு வந்த வெட்டவெளி முழுவதும் கதைத்தீர்கள். நான் தோடம்பழம் உரித்துத் தந்தேன்.

மலையடியில் பனி கொட்டியது. சங்கிலி போடாத லொறி மேலே ஏறக்கூடாது என்று விளக்கு மின்னியது. வீதியோரம் லொறிகள் வரிசையாக நிற்க, டிரைவர்கள் எல்லோரும் சில்லுகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். நீங்களும் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி இறங்கி, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சில்லின்மேல் அழகாகப் போர்த்தினீர்கள். லொறியைக் கொஞ்சம் உருட்டினீர்கள். வெளிப்பக்கத்துக் கொளுக்கியைக் கையில் எடுத்தீர்கள். பிறகு அப்படியே நின்றீர்கள்.

"எடி பிள்ளை, முதல்ல உள்பக்கத்தையெல்லோ கொளுவ வேணும்."

"ஓம், கொளுவுங்கோ."

"அது சித்தப்பாவின்ர பக்கம்."

அப்போதுதான் உங்களுக்கே விளங்கியது. இத்தனை மாரியும் அவர் உள்ளே கைவிட்டுக் கொளுவ, நீங்கள் வெளியே சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் பூட்டுகளைச் சாவி போட்டுத் திருகி இறுக்கியிருக்கிறீர்கள். உள்பக்கத்தை நீங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. "நான் அரைச் சங்கிலி போடத் தெரிஞ்ச பொம்பிளையடி" என்று பனிக்குள் நின்று சொன்னீர்கள்.

இரட்டைச் சில்லுகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தீர்கள். எட்டவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டீர்கள். கோட்டையும் கழற்றிவிட்டுக் கையை விட்டீர்கள். அப்போதும் எட்டவில்லை. பக்கத்து லொறியின் தாடிக்கார டிரைவர் கோப்பிக் குவளையோடு வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார். "நோ, நோ, வெரி குட்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தமிழில் என்னிடம், "தங்கமான மனுசன். ஆனா இவர் தொட்டால் நான் காலம் முழுக்க ரொறன்ரோ" என்றீர்கள். பிறகு என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தீர்கள்.

"உன்ர கையை நீட்டு பாப்பம்."

நீட்டினேன்.

"கடவுளே, இதை எங்கையடி இவ்வளவு நாளும் மடிச்சு வைச்சிருந்தனி?"

காட்போட் மட்டையை விரித்து அதன்மேல் படுத்தேன். கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கன்னம் ரயரில் ஒட்டியது. விரல் நுனியில் கொளுக்கி வந்தது, நழுவியது, திரும்ப வந்தது. வெளியே நீங்கள் ஓயவில்லை.

"வந்திட்டுதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லைச் சித்தி."

"இப்பவாவது?"

"சித்தி, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. சொன்னபின் பயந்துபோய் அசையாமல் கிடந்தேன். வெளியே சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் நீங்கள் பனிக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில்தான் கொளுக்கி மாட்டியது.

மற்றச் சில்லுகளுக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் இறங்கியதும் சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்தீர்கள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"ஆர் போட்டது?"

"நாங்கள்."

"எந்த நாங்கள்?"

"வெளிப்பக்கம் நான், உள்பக்கம் பிள்ளை."

"அப்ப எனக்கு வேலை போச்சு" என்றார்.

வைகாசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கட்டிலுக்குப் பிரேக் சரியில்லை என்று நேர்சோடு வாதாடி, அதைத் திருத்துவித்தீர்கள். சரியாகத்தான் சொல்லியிருந்தீர்கள். கடைசி வாரம்வரை அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, உங்களை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது.

இன்று மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டா. வழக்கமாக நான் அடிக்க விட்டுவிடுவேன். இன்று சித்தப்பா மலைக்குக் கிட்ட வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டிருந்ததால் எடுத்தேன்.

"பிள்ளை, நீயோ?" பின்னால் காற்றும் என்ஜின் சத்தமும். "ஏத்தத்தில நிக்கிறன். உள்ளுக்கும் கொளுவியாச்சு, வெளியிலயும் பூட்டி இறுக்கியாச்சு. எல்லாம் சரி எண்டுதான் வெளிக்கிட்டனான். கொஞ்சத் தூரம் ஓட, சங்கிலி தொளதொளத்து மட்காட்டில அடிக்குது."

தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

"கொளுவி முடிஞ்சா நான் ஏறிக் குந்தியிருந்து பிளாஸ்க்கிலயிருந்து தேத்தண்ணி ஊத்துவன். சித்திதான் லொறியை எடுப்பா. கொஞ்சத் தூரத்தில நிப்பாட்டிப்போட்டு திரும்பவும் இறங்கிப் போவா. என்னவோ செய்துபோட்டு வருவா. நான் ஒருநாளும் எட்டிப் பாக்கேல்லைப் பிள்ளை." "அங்கை என்னதான் செய்யிறவ?"

எனக்குத் தெரியும். போன மாரியில் உங்களுக்குப் பின்னால் நானும் இறங்கி வந்தேன். சில்லு உருண்டபின்தான் சங்கிலி தன் இடத்தில் போய் இருக்கிறது, இருந்ததும் தொய்கிறது. நீங்கள் சாவியை எடுத்து ஒவ்வொரு பூட்டையும் வரிசையாகத் திரும்ப இறுக்கி, கையால் இழுத்துப் பார்த்து, கடைசியில் ரயருக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினீர்கள்.

"சரி, விடு" என்றார் சித்தப்பா. "கழட்டிப்போட்டு மெல்லமாய்க் கீழ இறங்கிறன். இது எனக்குத் தனிய சரிவராது."

"இறங்காதேங்கோ." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இப்ப தேத்தண்ணி கையில இருக்கோ?"

"ஓம். ஏன்?"

"அதை வையுங்கோ. சாவியை எடுத்துக்கொண்டு சில்லடிக்குப் போங்கோ. ஃபோனையும் கொண்டு போங்கோ."

கதவு திறந்தது. பனியை மிதிக்கும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலாவது பூட்டிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.