கெடாத ஸ்ட்ராபெரி

மார்கிலான்

அன்பு மகள் முனிராவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் மாஸ்கோவில் நலம் என்றுதான் சொல்வாய். வேறு எதையும் நீ சொல்லி நான் கேட்டதில்லை, ஆகையால் நம்பிக்கொள்கிறேன். தாளில் எழுதி, இன்றிரவு மாஸ்கோவுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ஷுஹ்ரத்திடம் கொடுத்தனுப்பக் காரணம், தொலைபேசி எப்போதும் உன் மகள் நிகினாவின் கையில் இருப்பதுதான். எனக்குக் கிடைத்தாலும் உன் குரல் கேட்டதும் மழை வெயில் தவிர எதுவும் பேச வருவதில்லை.

குழந்தைக்கு நல்ல ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுங்கள் என்றாய், வாங்கினேன். காம்புவரை சிவந்திருக்கிறதா, மணக்கிறதா, பெட்டியின் அடியில் சாறு கசிந்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். கழுவாமல், இலையைக் கிள்ளாமல், துணி விரித்து ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாப்பிடும் நேரத்துக்குக் கழுவிப் பாலாடையோடு கொடுத்தால், மூக்குவரை பூசிக்கொண்டு தின்றாள். ஆனால் இருப்பதில் அழகான நாலைந்தை உனக்கென்று ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டாள். நம் ஊர் வழக்கப்படி நீ கிளம்பும்போது ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி சுவரில்தான் தொங்குகிறது, மிச்சத்தைத் தின்ன நீ வந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் யோசித்திருக்கிறாள். "தாத்தா, அந்தக் காஞ்ச ரொட்டிக்காக யாராவது மாஸ்கோவுல இருந்து வருவாங்களா? இதை வெச்சா அம்மா ஓடி வந்துடுவாங்க" என்றாள். ஆயுள் முழுக்கப் பள்ளியில் பாடம் நடத்திய நான், அந்தத் தட்டை ஃப்ரிட்ஜில் இடம் பார்த்து வைத்தேன்.

பழத்துக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. இரண்டு மூன்று நாளில் ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. அவள் எழுமுன் சந்தைக்கு ஓடி, அதே அளவில் ஒன்று வாங்கி வந்து வைத்தேன். அன்றிலிருந்து இதுதான் எனக்கு உத்தியோகம். "என்ன வாத்தியாரே, தினம் வந்து ரெண்டு பழம் வாங்குறீங்க, வீட்ல எறும்பு வளக்கறீங்களா" என்று பழக்காரி ஸுமரத் சந்தை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். ஆமாம் என்றேன், அதுதான் சொல்லச் சுலபமாக இருந்தது. உன் அம்மா கெட்ட பழத்தை நிகினா பார்க்காதபடி குப்பையில் ஆழமாகப் புதைத்துவிடுகிறாள்.

நம் வீட்டில் ஸ்ட்ராபெரி கெடாது என்று நிகினா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று தொலைபேசியில் நீ, விடுப்பு இல்லை, குளிர்காலம் வரட்டும் பார்க்கலாம் என்றபோது அழுவாள் என்று நினைத்தேன். "பரவாயில்லம்மா, மெதுவாவே வாங்க, பழம் அப்படியேதான் இருக்கு" என்றாள். நீ சிரித்தாய். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அவள் அழக்கூடாது என்றுதான் பழத்தை மாற்றினேன், இப்போது அவள் உன்னை வரச்சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்று சந்தையில் செர்ரி இருந்தது, ஸ்ட்ராபெரி இல்லை. பருவம் முடிஞ்சுபோச்சு என்று ஸுமரத் சொன்னாள், கேலி செய்யவில்லை. தட்டில் இருப்பவை நாளையைத் தாங்கா. உன்னை வா என்று சொல்ல எனக்கு வாயில்லை, நீ அனுப்புவதில்தான் இந்த வீடு நடக்கிறது. காலையில் அவள் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பேன், அதற்குமேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

இறைவன் உன் வழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். கம்பளிக் காலுறை ஷுஹ்ரத்திடம் இருக்கிறது. ஒன்று மறக்காதே: அவள் அழுதுகொண்டு கூப்பிட்டால், வேலை நேரமானாலும் எடு.

உன் அப்பா,
நொசிர்