தாளில் எட்டுப் பேர்

3.2.2025 திங்கள்
மகன் வீட்டுப் பெரிய பேரன் லிங்கேஸ்வரன் ஓசூரில் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே முப்பது பேர். சின்னவன் கப்பலில் இருக்கிறான், ஜப்பானே பார்த்துவிட்டான். மகள் வயிற்றுப் பேத்தி நாகஜோதி ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வேலையும் பார்த்துக்கொண்டு ஆன்லைனில் காலேஜ் படிக்கிறாள். இந்தப் பருவம் சமூக உளவியல். மனுசர் மனுசரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒரு படிப்பாம்! நான் அஞ்சாப்பு.

எல்லாத்தையும் பால்காரர் இசக்கிமுத்துவிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழமையும் சொன்னீக ஆச்சி” என்றார்.

5.2.2025 புதன்
ஜோதி வீடியோவில் வந்தாள். படிப்புக்காக ஒரு பெரியவரோடு ஆறு புதன்கிழமை, அரை மணி நேரம் பேச வேண்டுமாம். விதிகளை வாசித்தாள். கேமராவை அணைக்கக் கூடாது. என் பேரை மாற்றித்தான் எழுத வேண்டும். நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

கடைசி விதி எனக்குச் சுலபம்.

தினமும் யார் யாரிடம் நேரில் பேசினேன் என்று தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பணுமாம்.

6.2.2025
இசக்கிமுத்து. “நாளைக்கும் அரை லிட்டர்தானா ஆச்சி?” அம்புட்டுத்தான்.

தாளில் எட்டுப் பேர் எழுதினேன். பக்கத்து வீட்டு இருளம்மாளையும் சேர்த்து. அவள் தளவாய்புரத்தில் மகனோடு இருக்கப் போய் ஒரு வருசம் ஆச்சு. காலேஜுக்குப் போகிற தாளில் ஒத்தைப் பேரையா எழுதுவது?

12.2.2025 புதன்
“எட்டுப் பேரா! எங்க கடையிலகூட இம்புட்டுக் கூட்டம் இல்ல அம்மாச்சி” என்று ஜோதி சிரித்தாள். பொறவு சொன்னாள்: “அம்மா ஞாயித்துக்கிழமை அங்க வரலாம்னு இருந்தா. உங்களுக்குத்தான் ஆளுக்குக் கொறவில்லையே, அடுத்த மாசம் பாப்போம்னுட்டா.”

மகள் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர்தான். நானாகப் போகலாம். ஆனால் கூப்பிடாமல் மகள் வீட்டுப் படி ஏறியதில்லை. எங்க வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதும் சரி.

13.2.2025
நானே கதவைச் சாத்திக்கிட்டேனா?

19.2.2025 புதன்
இன்று ஜோதி இன்னொரு விதி வாசித்தாள். பதிலில் கற்பனை கலந்தால் முழுப் பாடத்துக்கும் பூச்சியம். அவளுக்குச் சொன்னது. ஆனால் தாளில் எழுதினது நான்.

“தினம் வாராங்களே இருளம்மாள், அவங்க யாரு அம்மாச்சி?”

அடுப்பில் பால் இருக்கு என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

21.2.2025
அஞ்சாப்பு வரைக்கும் ஒரு பரீட்சையிலும் பார்த்து எழுதினதில்லை நான். இப்போ பேத்தி பரீட்சையில் பொய் எழுதிக் கொடுத்திருக்கேன். சீ.

26.2.2025 புதன்
சிவராத்திரி. தெருவே குலசாமி கோயிலுக்குக் கிளம்பிவிட்டது.

“ஏட்டி, அந்தத் தாளு பொய்.”

“எது பொய்?”

“எட்டுப் பேர்ல ஏழு பேர்.”

கேமராவை அணைக்கக் கூடாதே, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். காது தெரிந்தது. நான் வாங்கிப் போட்ட கம்மல்.

“மார்க்கு போயிருமா தாயி?”

“காலேஜுக்கு இன்னும் அனுப்பல அம்மாச்சி. நிசத்தை எழுதுங்க, போதும்.”

5.3.2025 புதன்
தாளில்: இசக்கிமுத்து. அதுக்குக் கீழே வேற பேர் இல்லை.

12.3.2025 புதன்
ஆறு புதனும் முடிந்தது. கடைசியில் நன்றி சொல்ல வேண்டும் என்பதும் விதியாம். “உங்கள் பங்களிப்புக்கு நன்றி” என்று பார்த்து வாசித்தாள், வேற யாரோ மாதிரி. தாளைக் கீழே வைத்துவிட்டு, “அம்மாச்சி, தாளு பொய்னு அம்மாகிட்ட நான் சொல்லல. பேரையே மாத்தணும்னு விதி இருக்குல்லா” என்றாள்.

19.3.2025 புதன்
சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, தலை சீவி உட்கார்ந்தேன். ஒலிக்கவில்லை. ஆறு வாரம்தானே சொன்னாள்.

23.3.2025 ஞாயிறு
இன்று பேசியவர்கள்: இசக்கிமுத்து. பஸ் கண்டக்டர். பக்கத்து சீட்டில் செட்டியார்பட்டிக்காரம்மா. ஜோதி. மகள்.

மகள் கதவைத் திறந்து, “என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம?” என்றாள். “எட்டுப் பேருன்னு சொன்னது பொய், தாயி” என்றேன். என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பொறவு, “உள்ள வா, கையக் கழுவு” என்றாள்.

ஐந்து பேர். எல்லாம் நிசம்.

கிளம்பும்போது ஜோதியிடம் கேட்டேன். என் வீட்டுச் சுவரில் அவள் இன்னும் பள்ளிக்கூட உடுப்பில்தான் நிற்கிறாள். புதுசா ஒரு போட்டோ வேண்டும்.

“இப்பவே போன்ல அனுப்புதேன்.”

வேண்டாம், கவரில் போட்டுத் தபாலில் அனுப்பு என்றேன். தபால்காரர் வந்தால் இன்னொரு பேர் எழுதலாம்.