பதினோராவது கேள்வி

இன்று மத்தியானம் அம்பத்தூரில் அந்த ஸ்பாவுக்குப் படியேறிப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. உடனே உன் குரல். "அய்யே, இன்னாடி இது, கொசுவத்தி கணக்கா நாறுது!" நாம் சேர்ந்து வந்த அன்றைக்கு வரவேற்பில் இருந்த பெண்ணின் காதில் விழும்படியே சொன்னாய். நான் உன் இடுப்பில் கிள்ளினேன்.

மகளிர் தினத்துக்கு நம் ஆபீசில் கொடுத்த கூப்பன் அது. வீட்டு வேலையைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, அது காலாவதியாகப் போகிறதென்று சித்திரை வெயிலில் ஓடினோம். நீ ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாய். கையில் துண்டு, சோப்பு டப்பா, மாற்றுப் புடவை. "ஸ்பாவுல துண்டு குடுப்பாங்கட்டி" என்றேன். "ஊரான் தொடச்ச துண்ட நான் தொடமாட்டேன்" என்றாய். என் திருநெல்வேலி 'ட்டி'யை அன்று நீ கிண்டல் செய்யவில்லை. அதையே நான் கவனித்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. இப்படித்தான், உன்னைப் பற்றி எதை நினைத்தாலும் பிறகு அதிலேயே துப்புத் தேடுகிறேன். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

உட்கார்ந்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் உன் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டேன். என் வேலை உனக்குத் தெரியும். ஆபீசில் அத்தனை பேருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் படிவம் நிரப்புபவள் நான். சர்க்கரை உண்டா, இல்லை. ஆபரேஷன் நடந்ததா, இல்லை. யாரும் படிப்பதில்லை, "நீங்களே போட்டுடுங்க மேடம்" என்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். ஏதாவது ஒன்றில் 'ஆம்' என்று போட்டால் ஆயிரம் கேள்வி திரும்பி வரும். அதனால் மேலிருந்து கீழே 'இல்லை'யில் டிக் அடிப்பது என் கைப்பழக்கம். அன்றும் அடித்துக்கொண்டே போனேன்.

நீ எட்டிப் பார்த்து, "இன்னா கேக்கறான் அதுல?" என்றாய்.

"ஒண்ணுமில்லட்டி, வழக்கமான கேள்விதான்."

அதற்குமேல் நீ கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாய்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீராவி அறையில் நீ, "இட்லி வெந்துச்சா பாரு, கத்தி வச்சுக் குத்து" என்றாய். பிறகு ஒரே அறையில் இரண்டு கட்டில்களில் குப்புறப் படுத்தோம். உனக்குத் தேய்த்துவிட்டது மணிப்பூர்ப் பெண், தமிழ் அரைகுறை. பாதியில் அவள் உன்னிடம் குனிந்து ஏதோ சொன்னாள். நீயும் ஏதோ சொன்னாய். நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன்.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது நீ சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அந்தப் பொண்ணு கை நல்ல கை டீ. அங்கங்க நின்னு நின்னு போவுது."

பாராட்டுகிறாய் என்று நினைத்தேன். "இன்னொரு தபா வரலாமா?" என்று கேட்டாய். "கூப்பன் கெடைச்சா பாப்போம்" என்றேன்.

ஆடியில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மார்பில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். தை பிறந்தபோது நீ இல்லை.

பதினாறாம் நாள் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். உன் தங்கை என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "போன பொங்கலுக்கே அதுக்குத் தெரியும்கா. என்னாண்ட சொல்லி அழுதுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு" என்றாள். கூடத்தில் உன் வீட்டுக்காரரோ, "ஆடியிலதாம்மா தெரிஞ்சது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருந்திருப்பாளா?" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லும் ஆட்கள் இல்லை.

எதை நம்புவது? தங்கை சொல்வது சரியென்றால், நீ தெரிந்தேதான் அன்று என்னோடு வந்திருக்கிறாய். அவர் சொல்வது சரியென்றால், அந்த மணிப்பூர்ப் பெண்ணின் கைதான் அதை முதலில் கண்டுபிடித்திருக்கிறது. இரண்டிலும் நீ என்னிடம் சொல்லவில்லை. அதற்கு உன்மேல் கோபப்படுகிறேன். கோபம் ஒரு பஸ் நிறுத்தம் வரைகூடத் தாங்குவதில்லை. நீ சொல்ல வந்தாயோ, நான்தான் வாயை அடைத்தேனோ என்று திரும்பிவிடுகிறது. 'இன்னா கேக்கறான் அதுல' என்றாயே, சும்மா கேட்டாயா? யாராவது கேட்க மாட்டார்களா என்று கேட்டாயா?

அந்தப் பெண்ணைக் கேட்டுவிடலாம் என்றுதான் இன்று போனேன். அவள் ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம், போன் நம்பர் இல்லையாம். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, மசாஜுக்கு வந்தவள் என்று நினைத்து அதே படிவத்தை நீட்டினார்கள்.

ஆபீசில் இப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டித்தான் டிக் போடுகிறேன். மேசை முன்னால் வரிசை நீள்கிறது. எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். நான் அசைவதில்லை. உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது இது ஒன்றுதான்.

அந்தப் பழக்கத்தில் இன்று ஸ்பா படிவத்தையும் வாய்விட்டு வாசித்தேன், தமிழில், உனக்குப் புரிகிற மாதிரி. இதய நோய் உண்டா? ரத்தக் கொதிப்பு உண்டா? வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பதினோராவது கேள்விக்கு வந்தேன். "உடம்பில் எங்காவது கட்டியோ வீக்கமோ இருக்கிறதா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.