பாராசூட்டில் இறங்கியவர்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ஃபோனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். டிவியில் காட்டியிருப்பார்கள். பயிற்சிக்குப் பறந்த இந்த நாட்டு ராணுவ விமானங்கள் இரண்டு மோதிக்கொண்டது நான் வேலை செய்யும் தோட்டத்துக்கு நேர்மேலேதான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு விமானி மட்டும் பாராசூட்டோடு, நான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தக்காளிப் பாத்தியில் வந்து விழுந்தார். என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். "பயப்படாதப்பா, இதோ வந்துருவாங்க" என்று நம் பாஷையிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது? ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

"கடைசியா என்ன சொன்னாராம்? அவரு வீட்ல கேக்குறாங்க" என்றார் மேஸ்திரி. எவ்வளவு முயன்றும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லை.

சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பேசுவதை அக்காவிடம் சொல்லி ஃபோனில் பதிவுசெய்து அனுப்புங்கள். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, கொஞ்சம் நீளமாகத் திட்டுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்