‘அபாயம் குறைவு’ என்ற பச்சைத் தாள்

என் மல்லிகாவுக்கு,

அண்ணி என்றுதான் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சிலைக் கடித்துத் தின்றவளை, என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய் என்பதற்காக நாலு பேருக்கு முன்னால் அப்படிக் கூப்பிட வைத்தார்கள். தனியாக இருக்கும்போது நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இதை ஊரே படிக்கட்டும், எனக்கு நீ மல்லிகாதான்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. திதிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று அம்மா பட்டியல் கேட்கிறாள். எனக்கு எதுவும் ஓடவில்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நீ இருக்கிறாய். நானும் இருக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீசியன் நான். மார்பகப் புற்று வந்த பெண்களின் ரத்தமும் வராதவர்களின் ரத்தமும் எங்களிடம் வரும். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்பதை அளக்கிறோம். செல்லுக்குள் எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகலாம் என்று கட்டுப்படுத்துகிற மிகச் சின்னத் துண்டுகள் அவை. புற்று வந்தால் சில கூடும், சில குறையும். அந்த மாற்றம் ரத்தத்திலும் தெரிகிறது. அதை வைத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. இன்னும் கேள்விதான், மல்லிகா. ஒரு கூடத்தில் கூடியதாகச் சொல்லும் துண்டு இன்னொரு கூடத்தில் குறைந்து நிற்கிறது. நம்பி ஒருத்தி கையில் கொடுக்கும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை.

ஆனால் உன்னிடம் நான் எப்படிச் சொன்னேன்? மூலக்குளம் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ மீன் ஆய்ந்துகொண்டிருந்தாய்.

“இன்னாடி செல்வி, அந்த லேப்ல இன்னாதான் செய்ற நீ?”

“ஒரு சொட்டு ரத்தம் போதும்டி. மெஷின்ல மாரை வெச்சி நசுக்க வேணாம். ரத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சிடும். அந்தக் காலம் வந்துகிட்டே இருக்கு.”

“அப்பாடா,” என்றாய்.

பெருமையில் மிதந்துகொண்டிருந்த நான், அந்த அப்பாடா எதற்கு என்று கேட்கவில்லை. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டு அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னாய். கூடப் படித்தவள், நாத்தனார், தினம் இதே நோயின் ரத்தத்தைக் கையில் பிடிக்கிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லையா உனக்கு? மீனைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கக் கூடாதா?

அதற்கு அடுத்த மாதம் சேதராப்பட்டில் நீ வேலை செய்த பிளாஸ்டிக் கம்பெனி கேன்டீனில் ஏதோ ஒரு தனியார் லேப்காரர்கள் மார்பகப் புற்றுக்கு முகாம் போட்டார்கள். ‘ஒரு துளி ரத்தம் போதும்’ என்று பேனர். என் வாயிலிருந்து வந்த வார்த்தையே பெரிய எழுத்தில் தொங்கியிருக்கிறது. நீ எப்படி நம்பாமல் இருப்பாய்? முதல் ஆளாகக் கையை நீட்டினாயாம்.

இரண்டு வாரத்தில் பச்சை நிறத்தில் ஒரு தாள் வந்தது. ஓரத்தில் ஒரு பூ, நடுவில் ‘அபாயம் குறைவு’. அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். நான் வேலையில் இருந்தேன். மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. யார் இதற்குள் இதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் விசாரிக்கலாம் என்று நினைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைத் தட்டிவிட்டேன்.

அது இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

அந்தப் பொம்மையை நம்பி எட்டு மாதம் இருந்தாய். அக்குளில் வீங்கி, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, கை தூக்க முடியாமல் போன பிறகுதான் அண்ணன் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான், நானும் கூட வந்தேன். டாக்டரம்மாவிடம் நீ முதலில் நீட்டியது அந்தத் தாளைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத வெச்சிக்கிட்டா இத்தினி நாள் வீட்ல இருந்தீங்க?”

“அபாயம் குறைவுன்னு போட்டிருக்கே மேடம்,” என்றாய். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் செய்யாத தப்புக்கு நிற்க வைத்தால் வருகிற குரல் அது.

நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நீ கொட்டிய முடியைப் பார்த்துச் சிரித்தாய், பிறகு சிரிக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் நான் அந்த முகாம்காரர்களின் அலுவலகத்துக்குப் போனேன். ஏசி அறையில் ஒரு மேலாளர். உன் தாளை மேஜையில் வைத்தேன்.

“நாங்க நோய் இல்லன்னு எங்கயும் சொல்லலியே மேடம். கீழ பாருங்க.”

கீழே எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில் மட்டும், இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல என்று போட்டிருந்தது. பேனர் தமிழில், பூ எல்லோருக்கும் புரிகிற மாதிரி, எச்சரிக்கை மட்டும் இங்கிலீஷில்.

“எடுத்த ரத்தத்த எத்தினி மணி நேரத்துல மெஷின்ல சுத்திப் பிரிச்சீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் டெக்னிக்கல் டீம் பாத்துப்பாங்க.”

“நான்தான்யா டெக்னிக்கல் டீம்! எங்கிட்ட சொல்லு!”

நான் கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். உன் ரத்தம் பிடித்த குப்பிகள் காலையிலிருந்து ஷிஃப்ட் முடியும் வரை இட்லி அண்டாவுக்குப் பக்கத்து மேஜையில் இருந்ததாக நீயே என்னிடம் சொன்னாய். அந்தச் சூட்டில் சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் துண்டுகளும் கொட்டிக் கலந்துவிடும், அளவெல்லாம் பொய்யாகிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீர் லேசாகச் சிவந்திருந்தாலே எங்கள் கூடத்தில் தூக்கிப் போட்டுவிடுவோம். அவர்கள் அதற்குப் பச்சைத் தாள் அடித்தார்கள்.

சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதோடு சரி. எங்கள் கூடத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “உணர்ச்சிவசப்படாத செல்வி, நாளைக்கு நம்ம ஆராய்ச்சியையே ஜனங்க நம்ப மாட்டாங்க,” என்றார். நம்பியதால் செத்தவளின் நாத்தனாரிடம் இதைச் சொல்கிறார்.

அண்ணன் நோணாங்குப்பத்தில் இன்னும் படகுதான் ஓட்டுகிறான். பயணிகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரே கேள்வி: “தாளு பச்சையாத்தான இருந்துச்சி செல்வி?” நான் என்ன பதில் சொல்ல, சொல்லு?

போன மாதம் உன்னோடு பேக்கிங்கில் வேலை செய்த பூங்கொடி போன் செய்தாள். “அக்கா, மறுபடியும் அந்த ரத்த கேம்ப் வருதாம்க்கா.” லீவு போட்டுவிட்டுப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் நடுவில் நின்று உன் பெயரைச் சொல்லிப் பேசினேன். “இந்த ரத்த டெஸ்ட் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நானே அதத்தான் செய்றேன், அதனால சொல்றேன். மார்ல ஏதாவது தட்டுப்பட்டா எந்தத் தாளையும் நம்பாதீங்க, நேரா டாக்டர்ட்ட போங்க.” ஆபீஸிலிருந்து ஒருவர் ஓடி வந்து, அனுமதி இல்லாமல் பேசக் கூடாது என்றார். உன் தோழிகள் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து அவரைச் சுற்றி நின்றார்கள். அவரே போய்விட்டார்.

அப்போது பூங்கொடி என் கையைப் பிடித்தாள். “எனக்கும் பச்சைத் தாளுதான்க்கா வந்துச்சி. ஆனா இங்க ஒண்ணு இருக்கு.”

மறுநாளே அழைத்துப் போனேன். மேமோகிராம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுதான். ஆனால் சின்னது, எங்கும் பரவவில்லை. “நல்ல நேரத்துல வந்துட்டீங்க,” என்றார் டாக்டரம்மா. உனக்குப் பார்த்த அதே டாக்டரம்மா. பூங்கொடி அழுதுகொண்டே கும்பிட்டாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து நடைபாதைச் சுவரில் ஓங்கிக் குத்தினேன். அந்த வாக்கியம் உனக்கு வர வேண்டியது, மல்லிகா. நீ ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு எட்டு மாதம் முன்னாலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

பூங்கொடிக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. எழுந்து நடக்கிறாள். உன் கம்பெனியில் முகாமை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே பேனர் இப்போது விழுப்புரம் பக்கம் ஒரு மில்லில் தொங்குகிறதாம்.

சமாதானமாகப் போய்விட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் மேலும் கோபம் போகவில்லை. ஆனால் இது சத்தியம்: வருகிற வெள்ளிக்கிழமை விழுப்புரம் போகிறேன். பூங்கொடியும் வருகிறேன் என்கிறாள், தையல் ஆறட்டும் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். அந்தப் பேனர் எந்த ஊரில் ஏறினாலும் அங்கே போய் நிற்பேன். உள்ளே விடாமல் விரட்டினாலும் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்வேன்.

திதிக்கு அம்மா கேட்ட பட்டியலை வேறு யாராவது எழுதட்டும்.

கோபம் தீராமல்,
உன் நாத்தனார்,
செல்வி