இஞ்சியில் பூத்த தாமரை

2004 ஆகஸ்ட் 12, வியாழன்

இஞ்சி, மஞ்சள், ஏலம் எல்லாம் ஒரே குடும்பம், கிழங்கே மணக்கும் என்று பள்ளிச் சுவர்ப்படத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று சிவகாசி அச்சகத்தில் புரூஃப் காட்டினார்கள். இஞ்சிச் செடியின் உச்சியில் தாமரை!

"இஞ்சிப்பூ எடுப்பா இல்ல சார். காலண்டர் லட்சுமி கையில இருந்தத எடுத்து வச்சேன்," என்றார் முதலாளி.

"பிள்ளைக இதத்தான படிக்கும்?"

"மாத்திருவோம். நீங்க நேர்ல பாத்திருக்கீகளா?"

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். விருதுநகர்க் கரிசலில் இஞ்சி கடையில்தான் விளைகிறது.

"படத்துல பாத்திருக்கேன்."

"அது எங்கன அடிச்ச படம்?"

நாளை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பில் காட்டிய பழைய படத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். கீழே பொடி எழுத்தில் சிவகாசி. பூ ஏனோ செம்பருத்தி மாதிரித் தெரிகிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.