பசிக்காத புழுக்கள்

மார்ச் 3
நூற்றில் ஒன்பது புழுதான் தாண்டியது. மீதியெல்லாம் வளையத்துக்குள்ளேயே கிடந்தன. எண்ணிக்கையைக் கேட்டதும் வாலு துள்ளிக் குதித்தாள். நானும் சிரித்தேன் — சிரித்ததாகத்தான் நினைக்கிறேன்.

ஐந்து வருடமாக எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தப் புழுக்களோடு குடித்தனம் நடத்துகிறாள் இந்த வாலு. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் முனைவர் பட்டம். வேறு ஊரில் வேலையும் தயாராக இருக்கிறது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி, அது உதவியாளரான என் எண்ணிக்கையை நம்பி நிற்கிறது.

மார்ச் 4
அவர் போய் இன்றோடு இரண்டு மாதம். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர் இரண்டு பெட்டியோடு இறங்கிப் போனார். நான் கதவைத் தாழிட்டுவிட்டுத் துணி மடித்தேன். அழுகைதான் வரவில்லை, கோபமாவது வர வேண்டாமா?

மார்ச் 6
ஆய்வு வழிகாட்டி மேடம் அறையில் வாலுவின் பேச்சு ஒத்திகை. எத்தனை முறை கேட்டாலும் நன்றாகத்தான் சொல்கிறாள். புழுக்களைச் சுற்றி அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் ஒரு வளையம். அதில் மாட்டினால் உடம்பு நீர் வற்றிச் சாகும். வளையத்துக்கு வெளியே சாப்பாட்டு வாசனை. வயிறு நிறைந்த புழு வளையம் வரை போய்த் திரும்பிவிடும். ஆறு மணி நேரம் பட்டினி போட்டால் அதே புழு துணிந்து தாண்டிவிடும். ஆபத்தை உணரும் நரம்பணுவுக்குள் ஒரு ஜி புரோட்டீன் இருக்கிறது. பசிச் செய்தி அணுவின் வாசலுக்கு வந்ததும் அது விழித்துக்கொண்டு அணுவின் கூச்சலை அடக்கிவிடுகிறது, அதனால்தான் புழு துணிகிறது என்பது அவள் வாதம். அந்தப் புரோட்டீன் இல்லாத புழுக்கள் பசித்தாலும் தாண்டுவதில்லை. என் ஒன்பதுதான் அதற்கு அத்தாட்சி.

"பசிச்சும் பயம் போகாத ஜென்மங்க, பாவம்" என்று முடித்தாள். மேடமே சிரித்துவிட்டார்.

மாலையில் அம்மா போனில், "சாப்பிட்டியாடி?" என்றாள். ஆச்சும்மா என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 9
வெள்ளிக்கிழமை ஒரு பட்டினித் தட்டைக் குப்பையில் போட மறந்திருக்கிறேன். வெதுவெதுப்பான பெட்டியிலேயே இரண்டு நாள் இருந்துவிட்டது. இன்று எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளைப் படலம். பாக்டீரியா. புழுக்களுக்குச் சாப்பாடே அதுதான். பட்டினித் தட்டில் சாப்பாடு எப்படி வந்தது?

புழுக்களை மூன்று முறை கழுவி, உடம்பில் ஒட்டிய பாக்டீரியாவையெல்லாம் போக்கிவிட்டுத்தான் வெறுந்தட்டில் விட வேண்டும். சாதாரணப் புழுக்களை வாலு கழுவுவாள், புரோட்டீன் இல்லாதவற்றை நான். நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் 'மூன்று முறை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

கழுவினேனா? நினைவில்லை. ஒரு நாள்கூட நினைவில்லை.

மார்ச் 10
கழுவும் கரைசல் புட்டிகளை எண்ணினேன். ஜனவரியில் எனக்கென்று முப்பது எடுத்து வைத்தது. பத்துச் சோதனை, சோதனைக்கு மூன்று. இன்றைக்கு ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. இருபது புட்டி மூடி திறக்காமல் நிற்கிறது.

ஒரு முறைதான் கழுவியிருக்கிறேன். என் புழுக்கள் பட்டினியே கிடக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் தின்றுகொண்டிருந்தவை எதற்கு வளையத்தைத் தாண்டும்?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வாலுவின் பட்டம் போச்சு, வேலை போச்சு. இதை எழுதும்போதுகூட நெஞ்சு படபடக்கவில்லை. சீ, நான் என்ன மனுஷி?

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
வாலு ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினாள். "கை வலிக்க வலிக்க எண்ணினீங்களேக்கா, உங்க பேருதான் முதல்ல."

"அதை எடுத்துடு. வா, ஒண்ணு காட்டணும்" என்றேன்.

புட்டிகளை இரண்டு முறை எண்ணினாள். முதலில், "விளையாடாதீங்கக்கா" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"உங்களுக்கு என்னக்கா கேடு? வீட்டுல பிரச்சனைன்னா லீவு போட்டுத் தொலைய வேண்டியதுதானே! என் அஞ்சு வருஷத்தைக் குப்பையில போட்டுட்டீங்களே!" நோட்டைத் தூக்கி வீசினாள். என் தோளில் பட்டு விழுந்தது. குனிந்து எடுத்து மேசையில் வைத்தேன். "ஏதாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன். கல்லு மாதிரி நிக்காதீங்க!"

மன்னிச்சிடு என்றேன். பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது.

மார்ச் 13
மேடம் திட்டவில்லை. "ஒரு வகையை ஒரே ஆள் கழுவ விட்டது என் தப்பு. ரெண்டு பேரும் ரெண்டையும் மாத்தி மாத்திக் கழுவியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். முதலிலிருந்து செய்ய வேண்டும். வாலு கழுவி, தட்டுகளுக்கு வெறும் எண் போட்டு வைப்பாள். எது எந்த வகை என்று தெரியாமல் நான் எண்ண வேண்டும்.

"அந்தம்மாவா எண்ணணும்?" என்று கேட்டாள் வாலு. நேற்று வரை அக்கா.

மார்ச் 20
தட்டை வைக்கிறாள், போகிறாள். எண்ணுகிறேன்.

மார்ச் 24
எந்த எண் எந்த வகை என்று இன்று பார்த்தோம். சாதாரணப் புழு: நூற்றில் எழுபத்தொன்று. புரோட்டீன் இல்லாதது: அறுபத்தொன்பது. வித்தியாசமே இல்லை. பசித்தால் இதுவும் தாண்டுகிறது. பயத்தை அடக்குவது இந்தப் புரோட்டீன் அல்ல, வேறு ஏதோ.

வாலு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய் நின்றேன். தொடத் துணிச்சல் வரவில்லை.

ஏப்ரல் 2
முப்பத்தொன்று வந்து போய்விட்டது. ஆய்வேடு போகவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். காலையில் மேடம்தான் சொன்னார்.

பதினொரு மணிக்கு வாலு வந்து என் மேசையில் ஒரு டீயை டொக்கென்று வைத்தாள்.

"அதே குடும்பத்துல இன்னும் நாலு ஜி புரோட்டீன் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கணுமாம். இன்னும் ஒரு வருஷம் உங்களோடதான் மாரடிக்கணும். குடிச்சுத் தொலைங்கக்கா."

எடுத்து மடக்கென்று குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. ஐயோ என்று கத்தியே விட்டேன்.

"ஊதிக் குடிக்கக்கூடவா தெரியாது?" என்று தண்ணீர் எடுக்க ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அழ ஆரம்பித்திருந்தேன். நாக்கு எரிகிறது போல என்று நினைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்தாள். வெகு நேரம் தடவிக்கொடுக்க வேண்டியிருந்தது.